குதிரைகளின் சிறுநீர்ப்பைக் கல்

கந்தப்பளைப் பகுதியில் மரக்கறிச் செய்கையோடு மாடும் ஆடும் வளர்ப்போர் பலர். அண்மையிலுள்ள நுவரெலியாவில் சவாரிக் குதிரைகளும் வளர்க்கப்படுகின்றன. ஆட்டுக்கு ஏற்ற வைத்தியம் குதிரைக்கும் ஏற்குமென எண்ணுதல் தவறாகும்.

கல் உண்டாகும் விதம்

தவிடும் தானியமும் மிகுதியாகத் தின்னும் ஆடுகளில் பெரும்பாலும் பொசுபேற்றுக் கற்கள் தோன்றும். குதிரையின் கல்லோ கல்சியம் காபனேற்றினால் ஆனது. குதிரை உணவிலுள்ள மிகுதியான கல்சியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். ஆதலால் அதன் சிறுநீர் இயல்பாகவே கலங்கலாயிருக்கும். கலங்கல் மட்டும் நோயன்று. அப்படிவு திரண்டு இறுகுமாயின் கல்லாகும். பெட்டைக் குதிரையின் சிறுநீர்வழி குட்டையாயும் அகன்றுமிருப்பதால், இந்நோய் ஆண்குதிரைகளிலேயே அதிகம் காணப்படும்.

அறிகுறிகள்

1. வேலை அல்லது சவாரியின் பின் சிறுநீரில் இரத்தம் காணப்படுதல்.
2. அடிக்கடி முக்கிச் சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தல்.
3. சிறுநீர் ஒழுகிப் பின்னங்கால்களின் தோல் புண்ணாதல்.

குதிரை முக்கியும் சிறுநீர் சிறிதும் வெளிவராவிடின், கல் வழியை அடைத்திருக்கலாம். சிறுநீர்ப்பை வெடித்து உயிராபத்து நேரும். சிறுநீரைப் பெருக்கும் கஷாயம் எதனையும் அப்போது புகட்டலாகாது. தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

சிகிச்சை

உருவான கல்லை மருந்தினால் கரைத்துவிடலாமென நம்பியிருத்தல் கூடாது. வைத்தியர் மலக்குடல் வழியே கையினால் தடவிக் கல்லை அறிவார். பெட்டைக் குதிரையில், மயக்க மருந்து கொடுத்தபின் சிறு கல்லைச் சிறுநீர்வழியாகவே எடுத்தல் கூடும். ஆண்குதிரைக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை அவசியமாகும். சில இடங்களில் லேசர் ஒளியினால் கல்லை உடைத்தும் எடுப்பர். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலையின் ஆலோசனையை உள்ளூர் வைத்தியர் மூலம் நாடலாம்.

தடுக்கும் முறை

கல் மீண்டும் உண்டாவது சாதாரணம். ஆகையால் கல்சியம் மிகுந்த குதிரைமசால் போன்ற அவரையினத் தீவனங்களைத் தவிர்த்து, நல்ல புல்லையும் உலர்புல்லையும் கொடுத்தல் நன்று. வைத்தியர் கூறாமல் சுண்ணாம்புச் சத்துத் தூள் சேர்த்தலாகாது.

450 கிலோகிராம் நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லீற்றர் வரை நீர் தேவைப்படும். மலைநாட்டுக் குளிரில் குதிரை குறைவாகவே நீர் அருந்துமாதலால், நீரைச் சிறிது வெதுவெதுப்பாக்கி வைப்பது பயன் தரும். நக்குவதற்கு உப்பும் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இரத்தம் கண்ட அன்றே வைத்தியரிடம் காட்டப்படும் குதிரை பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.