பூநாரையின் நிறமும் கமெராவின் கோப்பும்

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் இருமருங்கிலும் கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை நீர்ப்பறவைகள் நிறைந்திருக்கும். வங்காலைப் பக்கத்துச் சேற்று நிலங்களும் உவர்நீர்ப் பரப்புகளும் 2008ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றன. அங்கு வரும் விருந்தாளிகளுள் பூநாரையே புகழ் மிக்கது. கமெராவைத் தோளில் மாட்டி வருவோர் அதனையே முதலில் தேடுவர். ஆனால், வீடு திரும்பிப் படத்தைக் கணினியில் பார்க்கும்போது இளஞ்சிவப்பைக் காணோம். பறவை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும்.

இதற்குக் காரணம் யாது? மேலே கொளுத்தும் வெயில். கீழே அதனைத் திருப்பி வீசும் நீர்ப்பரப்பு. பூநாரையின் மேனி வெண்மையை அண்டிய மெல்லிய நிறம். கமெரா தானாகவே சமைத்துத் தரும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. கமெராவின் உணரி கண்ட ஒளியை அவ்வாறே காக்கும் மூலக்கோப்பிலோ, 14 பிற்று அளவில் 16,384 படிநிலைகள் உள. முற்காலத்து நிழற்படக் கூடங்களில் நெகட்டிவைப் பேணியது போன்றதே இம்மூலக்கோப்பைப் பேணுவதும். அதனை நேரே அச்சிட இயலாது. கழுவி எடுக்க ஓர் இருட்டறை வேண்டும். இன்று அந்த இருட்டறை ஒரு மென்பொருள்.

எந்த மென்பொருள் என்பதே கேள்வி. கமெரா உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் கோப்பு வகை வைத்திருப்பதால், எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. நிக்கோன் கமெராவை உடைய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவருடைய மூலக்கோப்பு என்.ஈ.எவ். எனப்படும். ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்தால் இரண்டு நிறங்கள் தெரிவது அவருக்கு வியப்பாயிருக்கும். வியப்பதற்கில்லை. கோப்பில் இருப்பவை எண்களே. அவற்றை நிறமாக்கும் முறையை ஒவ்வொரு மென்பொருளும் தன்போக்கில் வகுத்துக்கொள்கிறது. நிக்கோனின் சொந்த மென்பொருள், கமெராவில் தெரிந்துவைத்த நிறப்பாங்கை அப்படியே பின்பற்றும். மற்றவை அதனை ஒத்ததாக ஆக்க முயலும்.

இந்த வேறுபாட்டால் பூசலும் எழுந்ததுண்டு. 2005இல் டீ2எக்ஸ் என்னும் கமெராவின் கோப்பில், வெண்சமநிலைக் குறிப்பை நிக்கோன் மறைகுறியாக்கி வைத்தது. அடோபி நிறுவனத்தின் தோமஸ் நோல் இதனை வெளிப்படையாகக் குறைகூறினார். படம் எடுத்தவருக்கே அவர் படத்தின் குறிப்பு மறைக்கப்படலாமா என்பது அன்றைய வாதம். நியாயமான வாதந்தான்.

உற்பத்தியாளரின் மென்பொருளே என்றும் துணை நிற்கும் என எண்ணுவதும் தவறு. நிக்கோன் விலைக்கு விற்ற கப்சர் என்.எக்ஸ். 2 கைவிடப்பட்டு, 2014இல் வேறொன்று வந்தது. பழையதில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இட்டுச் செய்த திருத்தங்களைப் புதியது காட்டவில்லை. 2021இல் வந்த என்.எக்ஸ். ஸ்டூடியோவில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உண்டு. அது இலவசம். குவியம் பறவையின் கண்ணில் விழுந்ததா, கழுத்தில் விழுந்ததா என்பதையும் அது காட்டும். பறவைப் படம் எடுப்போருக்கு இது பெரும் பயன். விண்டோஸ், மக் கணினிகளில் மட்டுமே அது இயங்கும்.

அடோபியின் லைட்ரூம் வேகமும் வசதியும் உடையது. ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்திவைக்க வல்லது. ஆயின், 2017க்குப் பின் அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையிலேயே கிடைக்கின்றன. மாதந்தோறும் வெளிநாட்டு நாணயக் கணக்கில் கட்டுவது சம்பளக்காரருக்குச் சுமை. அக்காலத்துப் பழைய பிரதியை வைத்திருப்போர், அதன் பின்னர் வெளிவந்த கமெராக்களின் கோப்பை அதில் நேரே திறக்க இயலாது. டார்க்டேபிள் என்னும் மென்பொருள் இலவசமானது, லினக்ஸ் கணினியிலும் இயங்குவது. கற்பதற்குத்தான் பொறுமை வேண்டும். மேலும், 2021இல் இசட்9 கமெராவோடு வந்த 'உயர்திறன்' அடக்கமுறையை எல்லா மென்பொருள்களும் ஏற்பதில்லை. கமெராவில் 'இழப்பற்ற அடக்கம்' என்பதைத் தெரிந்துவைத்தால் அத்தொல்லை குறையும்.

மன்னாரில் இது வெறும் அழகுக் கலையாக நின்றுவிடவில்லை. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020இல் திறக்கப்பட்டது முதல், வலசைப் பறவைகளின் வழி பற்றிய விவாதம் வலுத்துள்ளது. எந்தப் பறவை, எந்நாளில், எவ்விடத்தில் என்று காட்டும் படம் அங்கே சாட்சி. நிறம் மிகைப்பட்ட ஜேபெக்கை ஐயுறுவோர் கேட்பது மூலக்கோப்பையே. திருத்தங்கள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பெயர்ந்து செல்வதில்லை; மூலக்கோப்பு மட்டும் எங்கும் செல்லும். ஆதலால் அதனை இரண்டு வன்தட்டுகளில் வைப்பது, மென்பொருளைத் தெரிவதற்கும் முந்திய வேலை.

ஒரே மடிக்கணினி உடையவர் என்.எக்ஸ். ஸ்டூடியோவில் தொடங்குவதே தகும். வங்காலையில் உச்சிவெயிலில் எடுத்த ஒரு படத்தையும் அந்தியில் எடுத்த ஒன்றையும் அதில் திறந்து, பின் டார்க்டேபிளிலும் திறந்து, இறகின் வெளிர்சிவப்பு எதில் மீள்கிறது என்று ஒப்பிடலாம். முற்றாக எரிந்துபோன வெண்மையை எதுவும் மீட்காது. அதற்குக் களத்திலேயே ஒளியைச் சற்றுக் குறைத்து எடுக்கவேண்டும். என்.எக்ஸ். ஸ்டூடியோ தன் திருத்தக் குறிப்புகளைப் படங்களுக்கு அருகே தனியொரு கோப்புறையில் எழுதிவைக்கும். படங்களை இடம்மாற்றும்போது அக்கோப்புறையையும் கூடவே கொண்டுசெல்ல வேண்டும்.