இடம்பெயர்க்காமல் வீடு: புனே எரவாடா உணர்த்தும் பாடம்

புனே: குடிசைகளை அகற்றி, அங்கு வசிப்போரை நகரின் எல்லையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றுவது இந்திய நகரங்களில் வழக்கமாக உள்ளது. இதற்கு மாறாக, மக்கள் வாழும் இடத்திலேயே வீடு கட்டித் தரும் முறை மகாராஷ்டிர மாநிலம் புனேயின் எரவாடா பகுதியில் செயல்படுத்தப்பட்டது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 6.5 கோடி பேர் குடிசைப் பகுதிகளில் வசித்தனர்.

திட்டம் என்ன?

மத்திய அரசு 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தில், நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படைச் சேவைகள் ஒரு பிரிவாக இருந்தது. அதன் கீழ் புனே மாநகராட்சி எரவாடா பணியை மேற்கொண்டது. ஸ்பார்க் தொண்டு நிறுவனமும், பெண்களின் சேமிப்புக் குழுக்களைக் கொண்ட மகிளா மிலன் அமைப்பும், கட்டடக் கலைஞர் பிரசன்ன தேசாயும் இதில் பங்கேற்றனர்.

பகுதி முழுவதும் இடிக்கப்படவில்லை. உறுதியான வீடுகள் அப்படியே விடப்பட்டு, தகரம் போன்றவற்றாலான குடிசைகளுக்குப் பதிலாக மட்டும் சுமார் 270 சதுர அடியில் கழிப்பறையுடன் கூடிய வீடுகள் கட்டப்பட்டன. போதிய மனை இல்லாத குடும்பங்களுக்கு, அண்டை வீட்டாரின் இடத்தையும் இணைத்து மாடி வீடுகள் திட்டமிடப்பட்டன. வீடு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்டது. அதில் பாதியை மத்திய அரசும், 10 சதவீதத்தைப் பயனாளியும், எஞ்சியதை மாநில அரசும் மாநகராட்சியும் ஏற்றன.

அதே இடம் ஏன்?

வீட்டு வேலை, கட்டுமானக் கூலி, சிறு வணிகம் ஆகியவற்றை நம்பியுள்ள குடும்பங்களுக்கு, பணியிடத்துக்கு அருகில் வசிப்பதே வருமானத்துக்கு ஆதாரம். தொலைவுக்குச் சென்றால் பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கூடும். பிள்ளைகளின் படிப்பு தடைபடும். சென்னையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் இச்சிக்கல்களை எதிர்கொண்டன.

நீடித்த வளர்ச்சிக்கும் இம்முறை உகந்தது. இடிபாடுகள் குறைகின்றன, புதிய சாலையும் குடிநீர்க் குழாயும் நகருக்கு வெளியே நீட்டப்பட வேண்டியதில்லை. தாழ்ந்த மாடி வீடுகளுக்கு மின்தூக்கி பராமரிப்புச் செலவும் இல்லை.

வரம்புகள்

எனினும், இம்முறை அனைத்துக்கும் தீர்வாகாது. தெருக்களின் அமைப்பு மாறாததால், குறுகிய சந்துகளில் தீயணைப்பு வாகனம் நுழைவது கடினம். கட்டுமானம் முடியும் வரை குடும்பங்கள் தற்காலிக இருப்பிடம் தேட வேண்டும். வெள்ள அபாயமுள்ள ஆற்றங்கரைகளிலும் சரியக்கூடிய மலைச்சரிவுகளிலும் வசிப்போருக்கு இடமாற்றம் தவிர்க்க முடியாதது. வீடு புதிதானாலும், நிலத்தின் மீதான உரிமை தனியே தீர்க்கப்பட வேண்டியது.

2030-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் வீட்டுவசதி என்பதும், குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதும் ஐ.நா.வின் 11-ஆவது நீடித்த வளர்ச்சி இலக்கில் இடம்பெற்றுள்ளன. அகற்றப்பட்ட குடிசைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இந்த இலக்கை அளவிட முடியாது. புதிய வீட்டில் குடியேறிய குடும்பம், தன் வேலையை இழக்காமல் அங்கேயே தொடர்ந்து வாழ முடிகிறதா என்பதே இதன் உண்மையான அளவுகோல்.