லடாக்கின் சுவர், நம் மொட்டைமாடி

கோடையில் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்களின் பாதத்துக்குத் தெரியும்: பொழுது சாய்ந்து வெகுநேரமாகியும் தார்ச்சாலை சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கல்லும் கான்கிரீட்டும் மெதுவாகத்தான் வெளிவிடும். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீடுகளில் நள்ளிரவிலும் மின்விசிறி அனலையே இறக்குவது அதனால்தான். இங்கே நம்மை வாட்டும் இதே குணம் லடாக்கில் குளிரிலிருந்து காக்கிறது.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் உறைநிலைக்கும் 15 டிகிரி கீழே போவது அங்கே சாதாரணம். மரம் அரிது. வறட்டியும் மண்ணெண்ணெயும் எரித்தே அறையைச் சூடாக்கினார்கள். புகை வீட்டுக்குள்ளேயே தங்கியது. ஆனால் அந்தக் குளிரிலும் வெயிலுக்குக் குறைவில்லை. 1988இல் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் தொடங்கிய செக்மால் அமைப்பு, ஃபே கிராமத்தில் தன் பள்ளி வளாகத்தைத் தெற்கு பார்த்து, தடித்த மண் சுவர்களோடு எழுப்பியது. அந்த வெயிலே அறைகளைச் சூடாக்குகிறது.

லடாக்கில் 'திராம்ப் சுவர்' என்ற அமைப்பும் உண்டு. தெற்குச் சுவருக்குக் கருப்பு வண்ணம் பூசி, சில அங்குலம் தள்ளிக் கண்ணாடி பொருத்துவார்கள். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை எளிதில் வெளியே விடாது. ஓரடி தடித்த சுவரைச் சூடு கடந்துவர எட்டுப் பத்து மணி நேரமாகும். நண்பகல் வெயில் இரவு படுக்கும் வேளையில் அறைக்குள் வந்து சேரும். 1881இலேயே அமெரிக்கர் எட்வர்ட் மோர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார்; பெயர் நிலைத்தது பிற்காலத்துப் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபெலிக்ஸ் திராம்புக்கு.

இதை அப்படியே நம்மூரில் கட்டினால் அவதிதான். டிசம்பர் நண்பகலில் லேவில் சூரியன் 32 டிகிரி உயரம்தான் ஏறும். வெயில் நேராகச் சுவரில் விழும். வேங்கிக்காலிலோ சித்திரை உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அடி வாங்குவது மொட்டைமாடி. ஆகவே காக்க வேண்டியதும் அதைத்தான். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய வழக்கம் சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சற்று உயர்த்திப் பொருத்திய சூரிய மின்பலகைகள் மின்சாரத்தோடு நிழலும் தரும். இவற்றைச் செய்யாமல் ஏசி வாங்குவது, என் பார்வையில், வரிசை மாறிய செலவு.

எல்லாவற்றிலும் மலிவானது சுண்ணாம்பு வெள்ளை. வெயிலின் பெரும்பகுதியைத் தளம் வாங்குமுன்பே திருப்பி அனுப்பிவிடும். தூசி படியும், மழையில் கரையும். ஆண்டுதோறும் மாசி பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும்.