சினைப்பைக் கட்டி: சிறப்பு மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

சினைப்பைக் கட்டி என்பது சூலகம் எனப்படும் சினைப்பையில் நீர் அல்லது கூழ் போன்ற பொருள் நிறைந்து உருவாகும் பை ஆகும். பேச்சுவழக்கில் இது நீர்க்கட்டி எனப்படுகிறது. கருப்பைத் தசையில் வளரும் நார்க்கட்டியையும் இதையும் 'கர்ப்பப்பையில் கட்டி' என்று ஒரே பெயரில் சொல்வதுண்டு, இரண்டும் வேறானவை. சினைப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும் ஐயத்துக்குரிய கட்டி என்றால், முதல் அறுவைச் சிகிச்சையை யார் செய்கிறார் என்பது நோயின் போக்கையே மாற்றக்கூடும்.

வகைகள்

மாதவிடாய்ச் சுழற்சியில் முட்டை வளரும் நுண்ணறை வெடிக்காமல் பெரிதாவதாலும், முட்டை வெளியேறிய பின் எஞ்சும் பகுதியில் நீரோ இரத்தமோ சேர்வதாலும் செயல்பாட்டுக் கட்டிகள் உருவாகின்றன. இவை பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தாமே மறைந்துவிடும். கொழுப்பு, முடி, சில வேளை பல்கூட உள்ளே காணப்படும் டெர்மாய்டு கட்டியும், எண்டோமெட்ரியோசிஸ் நோயில் பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் கட்டியும் எளிதில் மறைவதில்லை. ஆனாலும் இவை பெரும்பாலும் தீங்கற்றவை. பி.சி.ஓ.எஸ். என்பது ஹார்மோன் கோளாறு. அதில் தெரியும் சிறு நுண்ணறைகள் இங்கு கூறப்படும் ஐயத்துக்குரிய கட்டிகள் அல்ல.

ஸ்கேனில் கவனிக்க வேண்டியவை

கட்டியின் அளவைவிட அதன் அமைப்பே முக்கியம். ஒரே அறை, மெல்லிய வழவழப்பான சுவர், உள்ளே தெளிந்த நீர் ஆகியவை தீங்கற்ற கட்டியின் அடையாளங்கள். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இத்தகைய எளிய கட்டி 5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பொதுவாகத் தொடர் ஸ்கேன் தேவையில்லை என்பது பிரித்தானிய மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டல். 5 முதல் 7 செ.மீ. வரை ஆண்டுக்கொரு ஸ்கேன் போதும். அதற்கு மேல் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவைச் சிகிச்சை பற்றி ஆலோசிக்கப்படும்.

திடப் பகுதிகள், உட்சுவரில் அரும்பு போன்ற வளர்ச்சிகள், ஒழுங்கற்ற பல அறைகள், கட்டிக்குள் மிகுந்த இரத்த ஓட்டம், வயிற்றில் நீர் சேர்தல் ஆகியவை ஐயத்துக்குரிய கூறுகள்.

சிஏ-125 பரிசோதனை

இது ஓர் இரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 35 யூனிட் என்பது வழக்கமான எல்லை. எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, இடுப்பறைத் தொற்று, வயிற்றுக் காசநோய், கர்ப்பம், மாதவிடாய் ஆகியவற்றாலும் அளவு உயரலாம். மாறாக, முதல் நிலைச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இயல்பாகவே இருக்கும். ஆகவே இந்த ஓர் எண்ணைக் கொண்டு அஞ்சவும் கூடாது, நிம்மதி அடைந்துவிடவும் கூடாது.

இடர்க் குறியீடு

1990இல் அறிமுகமான இக்கணக்கீடு மூன்று எண்களைப் பெருக்குகிறது. பல அறைகள், திடப் பகுதி, இருபுறக் கட்டி, வயிற்று நீர், பிற இடங்களில் பரவல் ஆகிய ஐந்தில் ஒன்றும் இல்லையெனில் ஸ்கேன் மதிப்பெண் 0. ஒன்று இருந்தால் 1. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. மூன்றாவது எண் சிஏ-125 அளவு.

எடுத்துக்காட்டாக, சிஏ-125 அளவு 40 உள்ள இருவரைக் கொள்வோம். முதலாமவர் 32 வயதினர். ஸ்கேனில் ஒரு கூறு மட்டுமே உள்ளது. குறியீடு 1 × 1 × 40 = 40. மற்றவர் மாதவிடாய் நின்ற 58 வயதினர். பல அறைகளும் திடப் பகுதியும் உள்ளன. குறியீடு 3 × 3 × 40 = 360. பொதுவாக 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை வல்லுநரிடம் அனுப்புவது வழக்கம். இரத்த அளவு ஒன்றே, முடிவு வேறு.

யார் செல்ல வேண்டும்?

பின்வருவோர் பெண்நோய்ப் புற்றுநோய் மருத்துவரின் கருத்தைப் பெறுவது நல்லது:

- ஸ்கேனில் ஐயத்துக்குரிய கூறுகள் உள்ளவர்கள்
- மாதவிடாய் நின்ற பின் எளியதல்லாத கட்டியோ உயர்ந்த சிஏ-125 அளவோ உள்ளவர்கள்
- குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள், பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்கள்
- வயிறு உப்புதல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடிப்பவர்கள்

ஏன் இது முக்கியம்?

சினைப்பைக்குள் அடங்கிய புற்றுக்கட்டி அறுவையின்போது உடைந்து சிதறினால், நோய் 1ஏ நிலையிலிருந்து 1சி நிலைக்கு மாறிவிடும். கீமோதெரபி தேவைப்படும் வாய்ப்பும் கூடும். ஐயத்துக்குரிய கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது தவிர்க்கப்படுவதும் இதனாலேயே. வல்லுநர் கட்டியை உடையாமல் அகற்றுவதோடு, நோய் பரவியுள்ளதா என்பதையும் அதே அறுவையில் ஆராய்வார். குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு, நோய் தொடக்க நிலையில் இருந்தால் கருப்பையையும் மற்றொரு சினைப்பையையும் காப்பது பல வேளைகளில் இயலும். இதை அறுவைக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

அவசர நிலை

திடீரெனக் கடும் அடிவயிற்று வலியும் வாந்தியும் ஏற்பட்டால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மயக்கம் வந்தால் கட்டி வெடித்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். இவற்றுக்கு முன்பதிவுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

ஸ்கேன் அறிக்கையுடன் படங்களும், பழைய ஸ்கேன்களும், தேதியுடன் கூடிய இரத்த முடிவுகளும், கடைசி மாதவிடாய்த் தேதியும், குடும்ப நோய் விவரமும் உடன் இருந்தால், கட்டி புதியதா, வளர்கிறதா என்பதை மருத்துவர் முதல் சந்திப்பிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.