மீன் குழம்பும் பார்கின்சன் மாத்திரையும்: மூளை வாசல்ல ஒரு டிராஃபிக் ஜாம்

போன எபிசோடுக்கு அப்புறம் எளாவூர்ல இருந்து ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. தாத்தாவுக்கு பார்கின்சன். பழவேற்காடு ஏரியில வலை வீசின கை, இப்போ டம்ளர் பிடிக்கவே சிரமப்படுது. மாத்திரை போட்டா உடம்பு விறைப்பு நல்லா குறையுது. ஆனா மதியம் மீன் குழம்பு சோறோட போட்டா மட்டும், போடாத மாதிரியே இருக்காம். "மீனுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கா?"ன்னு கேட்டிருந்தாங்க.

இருக்கலாம். எப்படின்னு புரிய, மூளையோட வாசலைப் பார்க்கணும்.

1885ல ஜெர்மனியில பால் எர்லிக், ரத்தத்துல சாயம் ஏத்திப் பார்த்தார். உடம்பு முழுக்கக் கலர் ஆச்சு, மூளை மட்டும் வெள்ளையாவே நின்னுச்சு. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலன்னு நினைச்சார். 1913ல அவரோட மாணவர் கோல்ட்மன், அதே மாதிரி சாயத்தை மூளையைச் சுத்தியிருக்கிற திரவத்துல செலுத்தினார். இப்போ மூளை மட்டும் கலர்! அப்போ ஒட்டுறது பிரச்சினை இல்லை, நடுவுல ஏதோ ஒரு தடுப்பு இருக்கு.

மூளையோட நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவர்ல செல்கள் இடைவெளியே இல்லாம நெருக்கி ஒட்டியிருக்கு. அதுதான் அந்தத் தடுப்பு. ஆக்சிஜன், ஆல்கஹால், காபியில இருக்கிற கஃபீன் எல்லாம் செல் வழியாவே நைசா உள்ள போயிடும். மத்ததுக்கு கேட் வேணும். உடம்பு எடையில 2 சதவீதம்தான் மூளை, ஆனா ஓய்வா இருக்கும்போதும் உடம்போட எனர்ஜியில சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்குது. அதுக்கான குளுக்கோஸ் உள்ள வர்றது க்ளூட் 1ங்கிற கேட் வழியா. நாள் கணக்குல பட்டினி கிடந்தா, கல்லீரல் கொழுப்புல இருந்து கீட்டோன் தயாரிக்கும். அதுக்கு வேற கேட்.

இப்போ தாத்தா கதைக்கு வர்றேன். பார்கின்சன்ல மூளைக்குள்ள டோபமைன் குறையுது. அப்போ டோபமைனையே மாத்திரையா கொடுத்துடலாமே? முடியாது, அதுக்கு கேட்ல அனுமதி இல்லை. ஆனா அதுக்கு முந்தைய வடிவமான லெவோடோபா ஒரு அமினோ அமிலம். லேட் 1ங்கிற அமினோ அமில கேட் அதை உள்ள விடும். உள்ள போய் டோபமைனா மாறிக்கும்.

இதுல நம்ம ஊர் கனெக்‌ஷன் ஒண்ணு இருக்கு. 1937லயே மெட்ராஸ்ல தாமோதரன், ராமஸ்வாமின்னு ரெண்டு ஆய்வாளர்கள், பூனைக்காலி விதையில இருந்து இதே லெவோடோபாவைப் பிரிச்செடுத்தாங்க. வியன்னாவுல பார்கின்சன் நோயாளிகளுக்கு அது வேலை செய்யுதுன்னு காட்டினது 1961ல! (அதுக்காக மாத்திரையோட பூனைக்காலிப் பொடியையும் சேர்த்துக் கொடுக்காதீங்க. டோஸ் எகிறிடும்.)

சரி, மீன் எங்க வருது? மீன், கறி, முட்டை, பருப்பு, எந்தப் புரதமும் செரிச்சா அமினோ அமிலம்தான். லியூசின், டைரோசின், ஃபினைல்அலனின்னு அதுல பலதும் அதே லேட் 1 கேட்டுக்குத்தான் வரும். எளாவூர் செக்போஸ்ட்ல லாரிங்க வரிசை கட்டி நிக்கிறதை நினைச்சுக்கோங்க. கேட் திறந்துதான் இருக்கு, ஆனா ஐம்பது லாரிக்கு நடுவுல மாட்டின ஒரு சின்ன வேன்தான் லெவோடோபா. இதே தள்ளுமுள்ளு அதுக்கு முன்னாடி குடல்லயும் ஒரு தடவை நடக்குது. எல்லாருக்கும் இந்த அளவுக்கு வித்தியாசம் தெரியாது. நோய் பல வருஷம் ஆனவங்களுக்குத்தான் அதிகமாத் தெரியும்.

அதனால பொதுவா சொல்றது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியோ, ஒரு மணி நேரம் கழிச்சோ போடணும். சிலருக்கு வெறும் வயித்துல குமட்டும், அவங்க புரதம் குறைவான பிஸ்கட் மாதிரி ஏதாவது லேசா எடுத்துக்கலாம். சிலருக்கு டாக்டர்கள் பகல் புரதத்தைக் குறைச்சு, ராத்திரிக்கு மாத்தச் சொல்வாங்க.

மீனையே நிறுத்திடாதீங்க ப்ளீஸ். வயசானவங்க புரதத்தை விட்டா உடம்பு இளைச்சுடும். அதோட, மீன்ல இருக்கிற டிஎச்ஏங்கிற கொழுப்பு மூளைக்கு வேணும். அதுக்குன்னு தனி கேட்டே இருக்குன்னு 2014ல சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. அது லெவோடோபாவோட வரிசையில வந்து நிக்காது.

ஒரு வாரத்துக்கு நோட்டுல மூணு விஷயம் எழுதுங்க: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரமும் ஐட்டமும், உடம்பு விறைச்ச நேரம். நரம்பியல் டாக்டர்கிட்ட அதைக் காட்டுங்க. டோஸைக் கூட்டுறதா, நேரத்தை மாத்துறதான்னு அவர் முடிவு பண்ண அது ரொம்ப உதவும்.