ஸ்கோர்கார்டு சொல்வதும் ரசிகர் சொல்வதும்

“2011 உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது தோனிதான். இது வரலாறு” என்பார் ஒருவர். “கம்பீர் இல்லையென்றால் கோப்பையே இல்லை. இதுதான் உண்மை” என்பார் இன்னொருவர். இரண்டுமே கருத்துகள்தான். உண்மை, வரலாறு என்று முத்திரை குத்திக்கொண்டு வருவதால் சண்டை ஓய்வதேயில்லை.

அந்த இறுதிப் போட்டியன்று வான்கடே மைதானத்தில் நடந்ததில், யார் எடுத்துப் பார்த்தாலும் மாறாதவை சில உண்டு. இலங்கை எடுத்தது 274. சேவாக் ரன் எதுவும் எடுக்காமல் போக, முதல் ஓவரிலேயே இறங்கிய கம்பீர் 122 பந்துகளில் 97. மூன்று விக்கெட்டுக்கு 114 என்றிருந்தபோது வந்த தோனி, 79 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 91. இருவரும் சேர்ந்து எடுத்தது 109. கம்பீர் அவுட்டானபோது 52 பந்துகளில் 52 ரன் தேவை. ஆட்டநாயகன் தோனி.

இவற்றில் எதற்கு எடை அதிகம் என்று சொல்லத் தொடங்கும்போது கருத்து உள்ளே வந்துவிடுகிறது. விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். தோனிக்குக் கொடுத்தார்கள் என்பது தகவல். கொடுத்தது சரி என்பது மதிப்பீடு. “இவர் இல்லையென்றால் தோற்றிருப்போம்” என்பதையோ யாராலும் நிரூபிக்க முடியாது. கம்பீரை எடுத்துவிட்டு அதே ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்க்கவா முடியும்?

எண்ணைக் காட்டிவிட்டால் கருத்து தகவலாகிவிடும் என்ற நினைப்புதான் பெரிய வில்லங்கம். 2023 நவம்பர் 15 அன்று, அதே வான்கடேயில், கோலி தன் 50ஆவது ஒருநாள் சதத்தை அடித்து சச்சினின் 49ஐத் தாண்டினார். இது தகவல். “ஆகவே கோலிதான் பெரிய ஆட்டக்காரர்” என்றால், அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? சதம்தான் அளவுகோல் என்று யார் முடிவுகட்டினார்கள்? ஒருநாள் ஆட்டங்களின் மொத்த ரன்னைப் பார்த்தால் சச்சினின் 18,426 மேலே நிற்கும்.

தகவல் தவறாகவும் இருக்கலாம். “கம்பீர் அன்று சதமடித்தார்” என்று யாராவது சொன்னால், ஸ்கோர்கார்டைக் காட்டி நொடியில் முடித்துவிடலாம். கருத்துக்கு அந்த வசதி கிடையாது. காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொன்னால் பதிலுக்கும் காரணம் வரும். “இதுதான் உண்மை” என்று அடித்துச் சொன்னால், பெரும்பாலும் வசவுதான் வரும்.

என் கருத்து இது: சேவாக்கையும் சச்சினையும் மலிங்கா வீழ்த்தி, 31 ரன்னுக்கு இரண்டு விக்கெட் என்று தவித்தபோது நின்று ஆடிய கம்பீருக்கே அந்த விருதைக் கொடுத்திருப்பேன். தோனிக்கே என்பவர்கள் அந்த 79 பந்துகளைக் காட்டி வாதாடலாம். கேட்கத் தயார்.