செவி வழியே திறந்த புத்தகம்

மக்ரிபுத் தொழுகை முடிந்து வீட்டில் விளக்கெரிகின்ற வேளையில், உங்கள் பிள்ளை பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பதைக் கேட்டு நீங்கள் மகிழ்ந்ததுண்டா? நானும் அவ்வாறு மகிழ்ந்தவள்தான். அந்த மகிழ்ச்சி கலைந்த நாளையும், அதன்பின் நான் செய்த தவற்றையும், அத்தவற்றிலிருந்து என் மகள் மீண்ட விதத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எங்கள் இல்லம் சத்துவாச்சாரியில் இருக்கின்றது. தனி நகராட்சியாக விளங்கி, 2011இல் வேலூர் மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. என் கணவர் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர். விடியலில் பேருந்து ஏறினால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். ஆகவே, மகளின் படிப்பு முழுவதும் என் பொறுப்பிலேயே இருந்தது.

அப்போது அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மக்தபில் காயிதாவை முடித்துக் குர்ஆன் ஓதத் தொடங்கியிருந்தாள். தமிழ்ப் பாடத்தையும் தங்குதடையின்றிச் சொல்லுவாள். ஒருநாள் பாடத்தின் நடுவே இருந்த ஒரு சொல்லை விரலால் சுட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். பிறகு முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல் வந்தவுடன் உரக்கச் சொன்னாள். எனக்குத் திக்கென்றது. இத்தனை நாளும் அவள் படிக்கவில்லை, மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்!

என் தவறு

அன்றிலிருந்து நான் ஆசிரியையாக மாறவில்லை, காவலராக மாறினேன். நாள்தோறும் ஒரு மணி நேரம் எழுத்துக் கூட்டல். தவறினால் அதட்டல். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. ஒரு மாதத்திற்குள் அவளுக்கு மாலைதோறும் வயிற்றுவலி வரத் தொடங்கியது. ஓரிரவு, "எனக்குப் புத்தகமே வேண்டாம்மா" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்காக ஆசையோடு வாங்கி வைத்திருந்த பஞ்சதந்திரக் கதைப் புத்தகம் அலமாரியில் பிரிக்கப்படாமலேயே கிடந்தது.

அந்நேரம் வேலை முடிந்து வந்த என் கணவர் எதுவும் கேட்கவில்லை. உணவு உண்டபின் அவளை அருகில் படுக்கவைத்து, தம் தாயார் தமக்குச் சொன்ன கதையொன்றைக் கூறத் தொடங்கினார். இரை தேடிக் களைத்த சிங்கம் ஒன்று ஒரு குகையினுள் புகுந்துகொண்டது. குகைக்கு உரிய நரி திரும்பி வந்தது. வாயிலில் பார்த்தால், சிங்கத்தின் காலடித் தடங்கள் உள்ளே சென்றிருக்கின்றன. வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை! இவ்விடத்தில் அவர் அயர்ந்து உறங்கிவிட்டார். பகலெல்லாம் உழைத்த உடல் அல்லவா!

மறுநாள் ஏற்றுமதிச் சரக்கு புறப்படும் நாள். இரவு பத்து மணியாகியும் அவர் வரவில்லை. "நரி என்ன ஆயிற்று?" என்று என்னைத் துளைத்தெடுத்தாள் மகள். "அந்தப் புத்தகத்தில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் சமையலறைக்குச் சென்றேன். சற்று நேரத்தில் எழுத்துக் கூட்டும் குரல் கேட்டது. 'கு' என்பதையும் 'கை' என்பதையும் 'பக்கம்' என்ற சொல்லில் வரும் வல்லோசையாகவே இரண்டு மூன்று முறை ஒலித்துப் பார்த்தாள். திடீரென்று ஒரு கூவல்: "அம்மா! அத்தா சொன்ன குகை!"

நரி குகையோடு பேசுவதுபோல் நடித்து, உள்ளிருந்த சிங்கத்தை வாய்திறக்கச் செய்து தப்பியோடிய கதையை அன்றிரவு அவளே தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தாள்.

காது அறிந்ததைக் கண் அறியும்

அந்த ஒரு சொல் எனக்குப் பெரும் பாடமாயிற்று. அரபு எழுத்துகளுக்கு ஜபர், ஜேர், பேஷ் ஆகிய குறிகளை இட்டுவிட்டால், பொருள் அறியாத பிள்ளையும் ஒலி பிசகாமல் ஓதிவிடும். நம் தமிழ் அவ்வாறன்று. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' என்னும் மூன்றிலும் ககர வரிசையே வருகின்றது. ஒலியோ மூன்று விதம். 'குடை', 'குகை' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நாம் ஒலிப்பதோ வெவ்வேறாக. இந்த வேறுபாட்டைக் காட்டும் குறி எழுத்தில் இல்லை. முன்பே கேட்ட காதில்தான் இருக்கின்றது. 247 எழுத்துகளையும் கற்ற பிள்ளைகூட, தான் கேட்டறியாத சொல்லின் முன்னே திகைத்து நிற்பது இதனால்தான்.

மேலும், வீட்டில் 'வந்துச்சு' என்கின்றோம். புத்தகமோ 'வந்தது' என்கின்றது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருது பேசும் இல்லங்களும் மிகுதி. அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் இன்னும் தொலைவானதன்றோ! கதையை முதலில் வீட்டு மொழியில் சொல்லி, பிறகு அதே கதையைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினால் அந்தத் தொலைவு குறையும்.

இராமேசுவரத்துச் சிறுவன்

இதற்குச் சான்றாக நம் சமுதாயத்திலேயே ஒரு வாழ்க்கை உண்டு. 1931இல் இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம், 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் இளமை நாள்களைக் கூறியிருக்கின்றார். 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவருக்கு எட்டு வயது நிறையும் தறுவாய். குடும்ப நண்பரும், பின்னாளில் அவருடைய தமக்கையின் கணவருமான ஜலாலுத்தீன் போர்ச் செய்திகளைக் கதைபோல அவரிடம் சொல்லுவாராம். சிறுவன் கலாம் அவற்றைத் 'தினமணி' நாளிதழின் தலைப்புகளில் தேடிப் பார்ப்பாராம். உள்ளூரில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் தம்மிடமிருந்த நூல்களைப் படிக்கத் தந்து ஊக்கியதையும் அவர் நன்றியோடு நினைவுகூர்கின்றார்.

கவனித்தீர்களா? முதலில் கேட்டார்; பிறகு தேடினார்; தேடியதால் படித்தார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவருக்கும், சத்துவாச்சாரியில் குகையைத் தேடிய என் மகளுக்கும் வாசிப்பின் வாயில் ஒன்றே.

நம் மார்க்கத்தின் வரலாறும் இதைத்தானே நினைவூட்டுகின்றது! ஓதுமாறு பணிக்கும் முதல் இறைச்செய்தி, எழுதப் படிக்க அறியாத நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செவியில்தான் முதலில் விழுந்தது. இறைமறை கேட்கப்பட்டு, நெஞ்சில் பதிந்து, எழுத்திலும் வடிக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே! இரவில் பத்து நிமிடம் போதும். ஒரு கதையைச் சொல்லுங்கள். சுவையான இடத்தில் நிறுத்துங்கள். மீதி எந்தப் புத்தகத்தில் இருக்கின்றது என்று காட்டிவிடுங்கள். பிள்ளை தவறாகப் படித்தால் உடனே குறுக்கிடாதீர்கள். தானே திருத்திக்கொள்ளச் சற்றுப் பொறுங்கள். களைத்து வரும் தந்தையரையும் இப்பணியிலிருந்து விலக்கிவிடாதீர்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லையே என்று கலங்கவும் வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே பெறப்படுகின்றது. நம் பணத்தில் நடக்கும் நூலகத்திற்கு நம் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, அழைத்துச் செல்லத் தயங்கலாமா?

இப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கின்றாள். அந்த ஓரிரவிலேயே எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். தடையின்றிப் படிக்க ஓராண்டு பிடித்தது. இன்று கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கின்றாள், அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும், உரக்கப் படிக்க வேண்டுமென்றால் இன்றும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அத்தாவிடம்தான் செல்லுகின்றாள், என்னிடம் வருவதில்லை. என் அதட்டல் விட்டுச் சென்ற தழும்பு அது. அவள் படிப்பதை நான் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொள்கின்றேன்.

அத்தகைய தழும்பு உங்கள் பிள்ளையின் நெஞ்சில் விழாதிருக்கட்டும். இன்றிரவே ஒரு கதையைத் தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.